பிரிவில் உடம்பு எதைத் தேடுகிறது?

ஆகஸ்ட் கடைசியில் தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரி விடுதிகள் நிரம்பத் தொடங்கும். அப்பா பக்கெட்டையும் மெத்தையையும் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவார். அம்மா அலமாரியில் பழைய பேப்பர் விரித்து, பருப்புப்பொடி டப்பாவையும் ஊறுகாய் பாட்டிலையும் அடுக்கிவைப்பார். சாயங்காலம் இருவரும் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். அதற்கடுத்த சில வாரங்கள் அந்தப் பிள்ளைக்கு எப்படிப் போகும் என்பது அனுபவமுள்ள வார்டன்களுக்குத் தெரியும். மெஸ்ஸில் தட்டு பாதியில் நின்றுவிடும். நடுராத்திரியில் விழிப்புத் தட்டும். விளக்குப் போடும் நேரம் வந்தால் தொண்டை அடைக்கும். காரணமே இல்லாமல் நெஞ்சு படபடக்கும். வீட்டுக்குப் போன் போட்டால், "கொஞ்ச நாள்ல பழகிடும்டா, தைரியமா இரு" என்பார்கள்.

பெரும்பாலோருக்குப் பழகத்தான் செய்கிறது. ஆனால் எது பழகுகிறது, எப்படிப் பழகுகிறது, பழகாமல் போனால் என்ன செய்வது என்பதற்கு "தைரியமா இரு" என்ற சொல்லில் பதில் இல்லை. துபாய்க்குக் கணவரை அனுப்பிவிட்டு வந்த பெண்ணுக்கும், மணவிலக்குப் பெற்று வாடகை வீட்டில் தனியாகச் சமைத்துக்கொள்பவருக்கும், மனைவி இறந்தபின் காலைக் காபிக்கு யாரை அழைப்பதென்று தெரியாமல் நிற்கும் பெரியவருக்கும் இதே அறிவுரைதான் கிடைக்கிறது. பிரிவைப் பற்றிக் கடந்த ஐம்பது, அறுபது ஆண்டுகளில் அறிவியல் கண்டறிந்திருப்பது இதைவிட மிகவும் பயனுள்ளது. அதன் தொடக்கம் ஓர் எலிக்கூண்டில் இருக்கிறது.

மைரன் ஹோஃபர் நியூயார்க்கைச் சேர்ந்த மனநல மருத்துவர். எலிக்குட்டிகளை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஒருநாள் காலை ஆய்வகத்துக்கு வந்தபோது, ஒரு தாய் எலி இரவோடிரவாகக் கூண்டிலிருந்து தப்பிப் போயிருந்தது. குட்டிகள் மந்தமாகக் கிடந்தன. அவற்றின் இதயத் துடிப்பை அளந்தால், இயல்பைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. தாயைப் பிரிந்த ஏக்கத்தில் குட்டிகள் ஒடுங்கிவிட்டன என்று அத்தோடு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. தாய் போனதால் குட்டிக்கு என்னென்ன போயிற்று என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தார்.

முதலில் வெப்பம். தாயின் உடல் சூடு இல்லாததால் குட்டிகள் குளிர்ந்துபோயிருக்கலாம் அல்லவா? தாய் இருந்தால் எவ்வளவு சூடு கிடைக்குமோ அவ்வளவு சூட்டைக் கூண்டுக்குக் கொடுத்தார். குட்டிகளின் மந்தம் போயிற்று. அளவுக்கு மீறி ஓடியாடின. இதயத் துடிப்பு மட்டும் ஏறவில்லை. அடுத்து, சிறு குழாய் வழியாக வயிற்றுக்குள் பால் செலுத்தினார். துடிப்பு இயல்புக்குத் திரும்பியது. சூடு நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தியது, பால் இதயத்தைக் கட்டுப்படுத்தியது. பின்னர் டியூக் பல்கலைக்கழகத்தில் சால் ஷான்பர்க் குழுவினர் வேறொன்றைக் கண்டார்கள். தாயைப் பிரிந்த குட்டிகளுக்கு வளர்ச்சி ஹார்மோன் குறைந்துவிடுகிறது. பாலோ சூடோ அதைச் சரிசெய்யவில்லை. தாய் நக்கிக்கொடுப்பதுபோல ஈரமான தூரிகையால் தடவிக்கொடுத்தால் ஹார்மோன் மீண்டும் சுரந்தது.

இது எலியோடு நிற்கவில்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 15 நிமிடம், உடம்பை நீவிவிட்டுப் பார்த்தார் உளவியலாளர் டிஃபனி ஃபீல்ட். 1986-இல் வெளியான அந்த ஆய்வில், நீவிவிடப்பட்ட குழந்தைகளின் அன்றாட எடை மற்ற குழந்தைகளைவிட 47 சதவீதம் கூடுதலாக ஏறியது.

ஹோஃபர் இவற்றை மறைந்திருக்கும் சீராக்கிகள் என்றார். உறவு என்று நாம் ஒரே பெயரில் அழைப்பதற்குள் பல நூல்கள் ஓடுகின்றன. ஒன்று தூக்கத்தைப் பிடித்திருக்கிறது, ஒன்று பசியை, இன்னொன்று பதற்றத்தை. கூட இருக்கும்வரை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஆள் போனதும் எல்லாம் ஒரே நேரத்தில் அறுபடும். அப்போது எழும் கலக்கத்தை நாம் மொத்தமாகத் துக்கம் என்றோ ஏக்கம் என்றோ சொல்கிறோம்.

டேவிட் ஸ்பாரா, சிண்டி ஹசான் என்ற உளவியலாளர்கள் 2008-இல் இந்தச் சிந்தனையை வளர்ந்த மனிதர்களுக்குக் கொண்டுவந்தார்கள். நெடுநாள் சேர்ந்து வாழ்ந்த இருவரின் உடல்கள் ஒன்றையொன்று சீராக்கிக்கொள்கின்றன. பிரிந்ததும் வரும் தூக்கமின்மை, பசியின்மை, படபடப்பு ஆகியவை அந்தச் சீராக்கம் கலைந்ததன் விளைவு என்பது அவர்களின் வாதம். அதே ஆண்டில் லிசா டயமண்டும் அவரது குழுவினரும் சேர்ந்து வாழும் 42 இணைகளைப் பின்தொடர்ந்தார்கள். ஒருவர் வெளியூர்ப் பயணம் போன நான்கு முதல் ஏழு நாட்களிலேயே தூக்கக் கோளாறும் மன அழுத்தமும் உடல் உபாதைகளும் கூடின. மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசால் ஹார்மோனின் போக்கும் மாறியது. இவர்கள் சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் அல்லர். சில நாளில் திரும்பி வருவது உறுதியாகத் தெரிந்தும், உடம்பு அதற்குள் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டது.

பிரிந்தவரிடம் "மனசைத் தேத்திக்கோ" என்று சொல்வது ஏன் உதவுவதில்லை என்பது இங்கே விளங்குகிறது. மொத்தமாகத் தேற்ற முடியாததைத் துண்டு துண்டாகத் தேற்ற முடியும். எந்த நூல் அறுந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். பிரிவைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பதில் முக்கியமானது இதுதான்.

விடுதி மாணவருக்கு வருவோம். முதல் இரவு அவருக்குத் தூக்கம் வராததற்கு வீட்டு நினைப்பு மட்டும் காரணம் இல்லை. பிரவுன் பல்கலைக்கழகத்தில் மசாகோ டமாகியும் யூகா சசாகியும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், புதிய இடத்தில் முதல் இரவு ஆழ்ந்த உறக்கத்தில்கூட மூளையின் இடது அரைக்கோளத்தில் ஒரு பகுதி மறுபாதியைவிட விழிப்பாக இருப்பது தெரிந்தது. அந்நியமான சிறு ஒலி கேட்டாலும் அந்தப் பாதி சட்டென்று உடம்பை எழுப்பியது. அதே இடத்தில் மறுமுறை படுத்தபோது இந்த வேறுபாடு காணப்படவில்லை. மூளை இடத்தைத் தெரிந்துகொண்டுவிட்டது. ஆகவே முதல் சில இரவுகளின் தூக்கமின்மையை வைத்து, "எனக்கு இந்த இடம் ஒத்துவராது" என்று முடிவெடுக்க வேண்டியதில்லை. வீட்டில் எந்த நேரத்துக்குப் படுத்தோமோ அதே நேரத்துக்குப் படுப்பதும், வீட்டுப் போர்வையையே கொண்டுபோய்ப் போர்த்திக்கொள்வதும் சிறுபிள்ளைத்தனம் போலத் தோன்றலாம். பழகிய மணத்தையும் பழகிய நேரத்தையும் உடம்புக்கு மீட்டுக்கொடுக்கும் வேலை அது.

அடுத்தது குரல். இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி செல்ட்சர் செய்தது. 7 முதல் 12 வயதுள்ள சிறுமிகளை அறிமுகமில்லாதவர்கள் முன்னால் நிறுத்திப் பேசச் சொன்னார்கள், கணக்குப் போடச் சொன்னார்கள். எந்தக் குழந்தைக்கும் கை நடுங்கும் வேலை. முடிந்ததும் சிலரை அம்மா நேரில் வந்து அணைத்துக்கொண்டார். சிலருக்கு அம்மா போனில் பேசினார். மற்றவர்கள் ஒரு படம் பார்த்தார்கள். அணைப்பு பெற்றவர்களுக்கு, நெருக்கத்தோடு தொடர்புடைய ஆக்சிடோசின் ஹார்மோன் ஏறியது, கார்டிசால் இறங்கியது. போனில் குரலை மட்டும் கேட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன் கிடைத்தது. 2012-இல் இன்னொரு குழுவை அம்மாவோடு தட்டச்சில் உரையாட விட்டார்கள். அன்பான சொற்கள்தான் வந்தன. ஆனால் அம்மாவோடு தொடர்பே கிடைக்காத சிறுமிகளுக்கு எப்படியோ அப்படியே இவர்களுக்கும் கார்டிசால் உயர்ந்தே நின்றது. ஆக்சிடோசின் ஏறவே இல்லை.

நாள் முழுக்க வாட்ஸ்அப்பில் முப்பது செய்தி அனுப்பும் குடும்பம் ராத்திரி ஐந்து நிமிடம் பேசுவதை விட்டுவிட்டால், அதிகம் கொடுத்ததாக நினைத்துக்கொண்டு முக்கியமானதை நிறுத்திவிடுகிறது. சவூதியிலும் கத்தாரிலும் வேலை பார்ப்பவர்களின் குடும்பங்கள் ஒலிச்செய்தியை இவ்வளவு விரும்புவது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. எழுத்தில் செய்தி மட்டும் போகிறது. குரலோடு மூச்சும் இழுவையும் சிரிப்பும் சேர்ந்து போகின்றன.

இந்த இடத்தில் ஒரு வழக்கத்தைக் கண்டித்தே ஆகவேண்டும். உறைவிடப் பள்ளிகளிலும் பயிற்சி மையங்களிலும் பிள்ளைகளை வீட்டாரோடு வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் பேசவிடாத இடங்கள் உண்டு. "பேசினா அழுவான், படிப்புக் கெடும். பேசாம விட்டா தானா செட்டாயிடுவான்" என்பது அவர்கள் சொல்லும் நியாயம். இதே நியாயத்தை எழுபது ஆண்டுகளுக்கு முன் பிரிட்டனின் மருத்துவமனைகள் சொல்லிக்கொண்டிருந்தன. குழந்தைகள் வார்டில் பெற்றோர் வந்தால் பிள்ளைகள் அழுகிறார்கள், வராவிட்டால் அமைதியாக இருக்கிறார்கள், ஆகவே பார்வை நேரத்தைக் குறைப்பதே நல்லது என்றார்கள். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற சமூகப் பணியாளர் ஒரு சிறிய கேமராவோடு உள்ளே போனார். லாரா என்ற இரண்டரை வயதுச் சிறுமி தொப்புள் குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாள் தங்கியிருந்ததை 1952-இல் படமாக வெளியிட்டார். லாரா பெரிதாகக் கத்தி அழவில்லை. உதட்டைக் கடித்து அடக்கிக்கொள்கிறாள். அம்மா பார்க்க வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

வார்டில் நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கிய அமைதி அது. ராபர்ட்சனும் அவரோடு பணியாற்றிய மனநல மருத்துவர் ஜான் பவுல்பியும் பிரிந்த குழந்தையிடம் மூன்று கட்டங்களைக் கண்டார்கள்: எதிர்ப்பு, நம்பிக்கையிழப்பு, விலகல். மருத்துவமனை "செட்டாகிவிட்டது" என்று நினைத்தது மூன்றாவது கட்டத்தை. படத்தைப் பார்த்த மருத்துவர்கள் பலர் கோபப்பட்டார்கள். ஆனாலும் 1959-இல் பிரிட்டன் அரசுக்குச் சமர்ப்பிக்கப்பட்ட பிளாட் அறிக்கை, பெற்றோரைத் தடையின்றி அனுமதிக்கும்படி பரிந்துரைத்தது. பதினைந்து வயதுப் பையன் இரண்டரை வயதுக் குழந்தை அல்லதான். அவனால் நாள் எண்ண முடியும், விடுமுறை வரும் என்று தெரியும். இருந்தாலும் போனில் அழும் பிள்ளையைவிட, வீட்டிலிருந்து போன் வந்தால் "ஒண்ணுமில்ல, வைக்கட்டுமா" என்று அவசரப்படும் பிள்ளையைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவேன்.

பிரிவோடு சேர்ந்து தனிமையும் வருகிறது. அதன் இயல்பே வேறு. தனிமையைச் சிகாகோ பல்கலைக்கழக உளவியலாளர் ஜான் கசியோப்போ பசியோடு ஒப்பிட்டார். சாப்பாடு தேவை என்று பசி சொல்வதுபோல, மனிதர் தேவை என்று தனிமை சொல்கிறது. 2020-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த லிவியா டொமோவாவும் ரெபெக்கா சாக்ஸும் இதை நேரடியாகச் சோதித்தார்கள். நாற்பது பேரை ஒருநாள் பத்து மணிநேரம் பட்டினி போட்டார்கள். இன்னொரு நாள் பத்து மணிநேரம் ஆள் முகமே பார்க்காமல், போனும் இல்லாமல் தனி அறையில் வைத்தார்கள். பட்டினிக்குப் பிறகு உணவுப் படத்தைப் பார்த்தபோதும், தனிமைக்குப் பிறகு மனிதர்கள் சேர்ந்திருக்கும் படத்தைப் பார்த்தபோதும் நடுமூளையின் அதே பகுதி கிளர்ந்தது. ஒரே பகல் போதுமானதாக இருந்தது.

ஆனால் தனிமைக்குள் ஒரு பொறி இருக்கிறது, பசிக்கு அது கிடையாது. பசித்தவர் சோற்றைப் பார்த்தால் கை நீட்டுவார். நெடுநாள் தனிமையில் இருப்பவர் மனிதர்களைப் பார்த்தால் ஒதுங்குகிறார். கசியோப்போவின் ஆய்வுகளில், தனிமையில் இருக்கும் மூளை மற்றவர் முகத்தில் வெறுப்பையும் விலக்கலையும் அதிக வேகமாகத் தேடியது. அறைத்தோழர்கள் இருவர் எதற்கோ சிரித்தால், "என்னைப் பார்த்துத்தான்" என்று தோன்றும். வகுப்பில் யாரோ வணக்கத்தைக் கவனிக்காமல் போனால் அது ராத்திரி வரை குடையும். அடுத்த நாள் அந்தப் பெஞ்சுப் பக்கமே போகாமல் இருந்துவிடுவோம். 2011-இல் அவர் குழுவினர் தனிமையைக் குறைக்க உலகெங்கும் செய்யப்பட்ட முயற்சிகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஆட்களைக் கூட்டிச் சேர்த்துவைப்பதையும் பேசும் திறனைக் கற்றுக்கொடுப்பதையும்விட, இந்தத் தவறான வாசிப்பைச் சரிசெய்வதே அதிகப் பலன் தந்திருந்தது. விடுதிகளில் நடக்கும் ஃப்ரெஷர்ஸ் பார்ட்டி பலரை இன்னும் தனிமையாக்குவதில் ஆச்சரியமில்லை.

இதற்கு ஓர் எளிய மருந்தை உளவியலாளர்கள் கிரெகரி வால்ட்டனும் ஜெஃப்ரி கோஹனும் 2011-இல் காட்டினார்கள். அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் முதலாமாண்டு மாணவர்களுக்கு, மூத்த மாணவர்கள் தங்கள் முதல் வருடத்தைப் பற்றிச் சொன்னதைப் படிக்கக் கொடுத்தார்கள். எல்லோரும் ஒன்றையே சொல்லியிருந்தார்கள்: வந்த புதிதில் நமக்கு இங்கே இடமில்லை என்று தோன்றியது, போகப்போகச் சரியாயிற்று. படித்தவர்கள் அதைத் தங்கள் அனுபவத்தோடு சேர்த்து எழுதினார்கள். மொத்தம் ஒரு மணிநேர வேலை. அந்த ஒரு மணிநேரம் கருப்பின மாணவர்களின் மதிப்பெண்களை மூன்றாண்டுகளுக்கு உயர்த்தியது. ஏற்கெனவே அங்கே தம் இடத்தைப் பற்றிச் சந்தேகம் இல்லாத வெள்ளையின மாணவர்களுக்குப் பெரிய மாற்றம் இல்லை. கிராமத்து அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்துவிட்டுச் சென்னைக் கல்லூரிக்கு வரும் முதல் தலைமுறை மாணவரை நினைத்துப் பார்க்கிறேன். தன் ஊர்ப்பக்கத்து சீனியர் ஒருவர், "நானும் முதல் செமஸ்டர்ல டாய்லெட்ல போய் அழுதிருக்கேன்" என்று சொல்லக் கேட்பது அவருக்கு எந்த ஊக்கப் பேச்சாளரையும்விட அதிகம் செய்யும்.

நண்பர்கள் கிடைக்கவில்லை என்று முதல் மாதத்திலேயே மனம் உடைபவர்களுக்கு ஒரு கணக்கு உதவும். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால், அண்மையில் வேறு ஊருக்குக் குடிபோனவர்களையும் புதிய மாணவர்களையும் வைத்து 2018-இல் இதை அளந்தார். அறிமுகம் சாதாரண நட்பாக மாறச் சுமார் 50 மணிநேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருந்தது. நண்பர் என்று சொல்ல 90 மணிநேரம். நெருங்கிய நண்பராக 200 மணிநேரத்துக்கு மேல். கட்டாயத்தின் பேரில் ஒன்றாக வேலை செய்த நேரம் அவ்வளவாகச் சேரவில்லை. சும்மா சேர்ந்து பொழுதுபோக்கிய நேரமே கணக்கில் ஏறியது. ஒரே ஆட்களோடு தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து, முடிந்ததும் கொஞ்சம் நடந்துவிட்டு வந்தால் ஒரு மணிநேரம் ஆகும். அப்படிப் பார்த்தால் ஐம்பது மணிநேரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மாதம். முதல் மாதத்தில் யாரும் ஒட்டவில்லை என்றால் அதில் யார் குறையும் இல்லை, நேரம் இன்னும் சேரவில்லை. எல்லா வாரக் கடைசியும் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடுகிறவருக்கு இந்தக் கணக்கு மெதுவாகத்தான் நகரும் என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டில் பேசும்போது "சாப்டியா" என்பதோடு "யார்கூட உக்காந்து சாப்பிட்டே" என்றும் கேட்கலாம்.

மணவிலக்கிலும் மரணத்திலும் பிரிந்தவர்களுக்கு இன்னொரு விஷயம். மனதில் உள்ளதையெல்லாம் எழுதித் தீர்த்துவிடு என்று பலரும் சொல்வார்கள். ஸ்பாராவும் சகாக்களும் 2013-இல் அண்மையில் மணவாழ்வில் பிரிந்தவர்களிடம் இதைச் சோதித்தார்கள். சிலரை ஆழ்ந்த உணர்வுகளை எழுதச் சொன்னார்கள். சிலரை அன்றைய பொழுதை எப்படிக் கழிக்கிறார்கள் என்று மட்டும் எழுதச் சொன்னார்கள். பல மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, "ஏன் இப்படி ஆயிற்று" என்று திரும்பத் திரும்பக் குடைந்துகொண்டிருக்கும் சுபாவம் உள்ளவர்களில், உணர்வுகளைக் கொட்டி எழுதியவர்களைவிட அன்றாடத்தைக் குறித்தவர்களே தேறியிருந்தார்கள். எழுதுவது எல்லோருக்கும் கெடுதல் என்று இதற்குப் பொருள் இல்லை. ஏற்கெனவே குடைந்துகொண்டிருப்பவருக்கு, அதே புண்ணை நோண்ட இன்னொரு கருவி தேவையில்லை. எத்தனை மணிக்கு எழுந்தேன், என்ன சமைத்தேன், மார்க்கெட்டுக்கு யாரோடு போனேன் என்று ஒரு நோட்டில் குறிப்பது அறுந்த நூல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கட்டும் வேலை.

மனைவியை இழந்த பெரியவருக்கு அந்த நூல்களில் பாதி சமையலறையில் இருக்கின்றன. காபி நேரமும் மாத்திரை நேரமும் அவருடைய கையில் இருந்ததில்லை. மகன்கள் மொத்தமாகத் தங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போவதைப் பாசம் என்று நினைக்கிறார்கள். தெருமுனை டீக்கடை, கோயில் மண்டபம், நடைப்பயிற்சிக் கூட்டாளிகள் என மீதியிருந்த நூல்களும் அந்தப் பயணத்தில் அறுந்துவிடுவதை யாரும் கவனிப்பதில்லை. முதல் ஆறு மாதமாவது அவரை அவர் தெருவிலேயே இருக்கவிட்டு, பிள்ளைகள் முறைவைத்து வந்து தங்கினால் நல்லது என்று நான் நினைக்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் வாடுவதாகவும், ஆண்டுக்குச் சுமார் 8,71,000 மரணங்களில் அதற்குப் பங்கு இருப்பதாகவும் கணித்தது. முதியவர்களைவிட இளையோரிடமே அது அதிகம் என்பதையும் அந்த அறிக்கை சொன்னது. விடுதி அறையில் அழும் பிள்ளையை "வெளி உலகம் தெரியாம வளர்த்துட்டோம்" என்று கடந்துபோவது எனக்கு வருத்தமாக இருப்பது அதனால்தான்.

சாதாரணப் பிரிவுத்துயரம் அலையாக வந்து போகும். நல்ல நாள், கெட்ட நாள் என்று மாறி மாறி இருக்கும், வாரங்கள் போகப்போக இளகும். இரண்டு வாரத்துக்கு மேலும் நாள் தவறாமல் மனம் இருண்டே இருந்தால், தூக்கமும் சாப்பாடும் திரும்பாமல் உடம்பு இளைத்தால், வகுப்புக்கோ வேலைக்கோ போகவே முடியாமல் கதவைச் சாத்திக்கொண்டால், செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும்கூட, அது பழகும் வரை காத்திருக்கும் விஷயம் இல்லை. மனநல மருத்துவரிடம் போக வேண்டும். 2022 அக்டோபர் 10 முதல் இந்திய அரசு நடத்தும் டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். துயரத்தில் இருப்பவரே அழைக்க வேண்டும் என்பதில்லை. ஊரில் இருக்கும் அம்மாவோ அறைத்தோழரோ அழைத்து, "இவன் இப்படி இருக்கான், நாங்க என்ன செய்யணும்" என்று கேட்கலாம்.